நானாக விழுந்த படம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் மதுரை பஸ்ஸில் ஏறும்போது படி வழுக்கி, மழைத் தண்ணீர் தேங்கிய குழிக்குள் உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன். நான் கனத்த உடம்புக்காரி. தண்ணீர் நாலு பக்கமும் தெறித்தது. கையிலிருந்த பால்கோவா டப்பா உருண்டு ஓர் ஆட்டோவுக்கு அடியில் போய் நின்றது. மழையைப் படம் பிடித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவரின் செல்போனில் அத்தனையும் பதிவாகிவிட்டது.

மறுநாளே அது எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. குத்துப்பாட்டு ஒன்றையும் பின்னால் ஒட்டியிருந்தார்கள். என் கணவரின் அண்ணன் போலீஸிலிருந்து ஓய்வு பெற்றவர். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் தம்பியிடம் பேசினார்.

“ஏலே, கொஞ்ச நாளைக்கு அவள வெளிய அனுப்பாத. ஊரே சிரிக்குது.”

என் கணவர் பட்டாளத்தில் இருந்தவர். அண்ணனை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் பேசவில்லை. “அப்ப அவ தையக்கடைய யாரு பாப்பா?” என்று மட்டும் கேட்டார்.

அந்த வீடியோவை முதலில் அழுதுகொண்டே பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்ததில் அழுகை நின்று எரிச்சல் வந்தது. நான் எழுந்து, ஆட்டோவுக்கு அடியில் கைவிட்டு டப்பாவை எடுத்து, திறந்து பார்த்து, நல்லவேளை என்று மூடினேனே, அந்த இடம் அதில் இல்லை. சிரிப்பே அங்கேதான் இருந்தது. படம் பிடித்தவருக்கு அது தெரியவில்லை. இவர்களுக்குச் சிரிக்க நான் விழவேண்டும் என்றால், எப்போது, எப்படி விழுவது என்பதை நான்தான் முடிவு செய்வேன் என்று தோன்றியது.

பக்கத்து வீட்டுக்காரி தெலுங்கு பேசுகிறவள், ஒல்லியாக இருப்பாள். செல்போனில் நாமே ஒரு சிரிப்புப் படம் எடுக்கலாம் என்று அவளிடம் கதையைச் சொன்னேன். விருந்து வீட்டுக்குப் பாயச அண்டாவைத் தூக்கிப் போகிறார்கள் இரண்டு பெண்கள். வாய்க்கால் மேல் ஒரு தென்னைமரப் பாலம். யார் முன்னால் போவது என்று தகராறு. இருவரும் விழ, அண்டா மட்டும் உருண்டுகொண்டே போகிறது. படத்தில் பேச்சே கிடையாது.

“அக்கா, நானும் விழணுமா?”

“நீதான் மொதல்ல விழணும்.”

“சரி,” என்றாள், கொஞ்சமும் யோசிக்காமல்.

சோழபுரத்தில் எங்கள் வயலில் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தோம். செல்போனைப் பிடித்தவர் என் கணவர். வாய்க்காலுக்குள் பழைய மெத்தையைப் போட்டு, மேலே சேற்றை அள்ளிக் கொட்டினோம். சேலை விலகாமல் இருக்க உள்ளே பேண்ட் தைத்துக்கொண்டேன். ஆனால் முதலில் எடுத்தது எதுவும் சிரிப்பை வரவழைக்கவில்லை.

“ஏட்டி, நீ விழுறதுக்கு முன்னாடியே ஒம் மூஞ்சி விழுந்துருது,” என்றார் கணவர்.

அவர் சொன்னது சரி. விழப்போகிறோம் என்பது முகத்துக்குத் தெரியக்கூடாது. அதற்குப் பிறகு விழுவதை விட்டுவிட்டு, பாயசம் சிந்தக்கூடாது என்று மட்டும் நினைத்தபடி நடந்தேன். கால் தானாக வழுக்கியது. செல்போன் ஆடுகிற அளவுக்கு என் கணவர் சிரித்துவிட்டார். அதையும் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று.

விஷயம் தெரிந்து அவர் அண்ணன் வயலுக்கே வந்தார். நான் சேற்றுக்குள் இருந்தேன்.

“பொம்பள சேத்துல பெரளுறது காமெடியாலே?”

இந்த முறை பதிலை நானே சொன்னேன். “சினிமால ஆம்பள விழுந்தா நீங்க வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிக்கீகள்ல அத்தான். எனக்கும் அதே பூமிதான இழுக்குது.”

அவர் போய்விட்டார். நாங்கள் அண்டாவை உருட்டினோம்.

என் அக்கா மகள் கல்யாண வரவேற்பு ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபத்தில் நடந்தது. மணமக்கள் போட்டோ ஓடிய திரையிலேயே எங்கள் படத்தையும் போட அக்கா சம்மதித்தாள். இருட்டில் பின்வரிசையில் உட்காரலாம் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. நான் மாட்டேன் என்று சொல்லி, அவளையும் இழுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். சிரிக்கிறவர்கள் என்னைப் பார்த்தே சிரிக்கட்டும்.

சிரித்தார்கள். நான் விழுந்தபோது மண்டபமே சிரித்தது. எழுந்து, அண்டா போன திசையைப் பார்த்து, சேலையை உதறி, இடுப்பில் செருகிக்கொண்டு ஓடத் தொடங்கியபோது கைதட்டினார்கள். பாட்டு ஒட்டிய வீடியோவில் நான் கேட்ட சிரிப்பு வேறு, இது வேறு.

பந்தியில் கணவரின் அண்ணன் எதிர் இலையில் உட்கார்ந்திருந்தார். முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

“இதோட நிறுத்திக்க.”

“அடுத்தது எருமைய வச்சி எடுக்கோம் அத்தான். ஒங்க தொழுவத்தத் தருவீகளா?”

அவர் தரவில்லை. தேவதானத்தில் வேறொருவர் தொழுவம் கிடைத்தது.