பஸ் கதவு மூடும் சத்தம்

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் தினமும் என் பக்கத்தில் ஒருவர் உட்காருவார். அகன்ற தோள், அடர்ந்த மீசை. கதவு 'புஸ்' என்று மூடும்போதெல்லாம் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்து ஏதோ முணுமுணுப்பார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "எந்தச் சாமிண்ணே?"

சிரித்தார். "சாமி இல்லப்பா. தகடு அழுத்தற பிரஸ் மெஷின்ல கூட வேலை செஞ்சவன் கை மாட்டிக்கிச்சு. மெஷின்லேர்ந்து அப்ப வந்த காத்து சத்தம் இதே மாதிரிதான். கேட்டாலே உடம்பு உதறும். என்னை பேக்கிங்குக்கு மாத்திட்டாங்க. இப்ப கவுன்சிலிங் போய்க்கினு கீறேன். கண்ணு எதிர்ல இன்னா கீதோ அத்த சொல்லுன்னு அந்தம்மா சொன்னாங்க. சீட்டு, ஜன்னல்னு சொன்னா, இது பஸ்ஸுன்னு மனசுக்குப் புரிஞ்சிடுது."

"பயம் போயிடுச்சா?"

"வருது. ஆனா இப்ப திரும்பிப் போவுது. திங்கக்கிழமை மறுபடியும் பிரஸ்ஸுக்குப் போறேன். நானேதான் கேட்டேன்."

அந்தத் திங்கட்கிழமை தண்டலம் ஸ்டாப்பில் கதவு மூடியது. அவர் கைகள் மடியிலேயே இருந்தன. "சீட்டு, ஜன்னல்" என்றவர், என் பக்கம் திரும்பி, "தம்பி" என்றார்.

எத்தனையோ பேர் என்னை அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிடித்துக்கொள்ளும் கம்பியாக நான் இருந்தது அன்றுதான்.