தாடிக்காரர்களின் படை

பல் கட்டும் லேபில் வேலை பார்ப்பதால் அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. "பல்லக்குல ஏத்தி வெச்ச மாதிரிதான் கூப்பிடுறாங்க, ஆனா மூணு மாடியும் நடந்துதான் ஏற வேண்டியிருக்கு" என்று சொல்லிச் சிரிப்பாள். அது நல்ல நாட்களில்.

மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து, பீங்கான் மாவைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு பல்லாக எழுப்புவது அவள் வேலை. இருபத்தோரு வருடமாகச் செய்கிறாள். மற்றவர்கள் வெள்ளை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதில் அவளுக்குப் பதினாறு நிறங்கள் தெரியும்.

கணவர் லிப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிப்டையெல்லாம் ஓட வைத்தவர் குடியிருந்தது லிப்ட் இல்லாத கட்டடத்தில். பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் கிளம்பிவிடுவார். ஒரு காகிதக் கடையின் மேல்மாடியில் ஏழெட்டுப் பேர் கூடி, பெரிய மேசையில் போர் நடத்துவார்கள். கட்டைவிரல் உயரப் பொம்மைகள்தான் வீரர்கள். அடிக்கோலால் அளந்து நகர்த்துவதும், பகடை உருட்டி அடிப்பதும், செத்தவனை மேசையிலிருந்து எடுத்து ஓரமாக வைப்பதும்தான் ஆட்டம். படையைக் கடையில் முழுசாக விற்க மாட்டார்கள். கை, கால், தலை எல்லாம் தனித்தனியாகப் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். வெட்டி, பசை போட்டுச் சேர்த்து, வர்ணம் அடித்து, நாமே கட்டிக்கொள்ள வேண்டும்.

அவர் குள்ளர்களைத் தேர்ந்தெடுத்தார். இடுப்புவரை தாடி, கையில் கோடாலி, உருண்டையான உடம்பு. மொத்தம் அறுபது பேர், ஒரு பீரங்கி.

"ஏன் இவனுங்க? அழகா உயரமா வேற ஆளுங்களே கிடைக்கலையா?" என்று கேட்டாள்.

"இவனுங்க ஓட மாட்டானுங்க. என்ன வந்தாலும் நின்ன எடத்துலயே நிப்பானுங்க."

"அதான் உங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. கடைக்குப் போகச் சொன்னா நீங்களும் நின்ன எடத்துலதான் நிக்கிறீங்க."

பன்னிரண்டு பேரை முடித்திருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினோராவது மாடிக்கு மேலே லிப்ட் இயந்திர அறையில், கையில் ஸ்பேனரோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரைக் கூட வேலை செய்கிறவர் கண்டார். பேச்சுக் கொடுத்தால் பதில் இல்லை. மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருந்தது. வயது நாற்பத்தேழு.

இரண்டு மாதம் கழித்து அவரை நாற்காலியில் வைத்து நான்கு பேர் மூன்று மாடி தூக்கிவந்தார்கள். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் மிஞ்சியது ஒரே சொல், "சரி." பசித்தாலும் சரி. வலித்தாலும் சரி. வேண்டாம் என்பதற்கும் சரிதான். எந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று பிரித்துக் கேட்க அவள் பழகிக்கொண்டாள்.

பகலில் பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துக்கொள்வார். கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்ப்பார், அல்லது பார்ப்பதுபோல் இருப்பார். கைகால் பயிற்சி கொடுக்க வந்த பெண், "அவருக்கு ஏதாவது ஒண்ணு மேல ஆசை வரணும்மா. ஆசை வந்தா கை தானா நீளும்" என்றாள்.

அன்று சாயங்காலமே அலமாரி மேலிருந்த பெட்டிகளைப் பல்லக்கா இறக்கினாள். தூசி தட்டி, மூடியைத் திறந்து, முடிக்காத குள்ளன் ஒருவனை மேசைமேல் வைத்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கை, யாரும் எடுத்து வைக்காமல், தானாக முன்னால் வந்தது.

அதிலிருந்து தினமும் லேப் முடிந்து வந்ததும் ஆறு மணிக்கு விளக்கைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அவள் வெட்டுவாள், பிசிறு சுரண்டுவாள், ஒட்டுவாள். தலையை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவர் ஒரு விரலால் காட்டுவார். பல்லுக்கு வைத்திருந்த தூரிகைகளில் பழையவை வீட்டுக்கு வந்தன. முதல் தாடியை அவள் சாம்பல் வெள்ளையில் அடித்துக் கொடுத்தாள். அவர் விரலால் தள்ளிவிட்டார். இன்னொரு வெள்ளை. அதையும் தள்ளினார். மூன்றாவது முறை அவளுக்குக் கோபம் வந்தது.

"எட்டு மணி நேரம் அடுத்தவன் பல்லுக்கு வெள்ளை அடிச்சிட்டு வரேன். இங்க வந்தும் நொட்டை சொன்னா எப்படி?"

அவர் ஒவ்வொரு குள்ளனாகத் தொட்டுக் காட்டி, "சரி, சரி, சரி" என்றார். ஒவ்வொரு சரியும் ஒவ்வொரு மாதிரி. அப்புறம்தான் புரிந்தது. எல்லாருக்கும் ஒரே தாடி ஆகாது. அதன்பின் ஒருவன் செம்பட்டை, ஒருவன் கருப்பு, ஒருவனுக்கு வயதாகி நுனி மட்டும் மஞ்சள் ஏறிய நரை. புகை பிடிக்கிறவர்களின் பல் நிறம் அது.

படையைக் கட்டி முடிக்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் அவள் மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொன்னதில்லை. முப்பது பேர் முடிந்தால் இன்னொரு சொல் வந்துவிடும். நாற்பது முடிந்தால் அவள் பெயர் வரும். நாற்பதும் முடிந்தது, சொல் வரவில்லை. அறுபதில் வரும் என்று தள்ளி வைத்தாள்.

அறுபதாவது குள்ளன், கொடி பிடிக்கிறவன், காய்ந்து முடிந்த வாரம் தையல்காரரை அழைத்தாள். ஞாயிறு ஆட்டத்தில் கணவருக்கு நிரந்தர எதிரி அவர்தான், கணவரை அண்ணே என்று கூப்பிடுகிறவர். பச்சைப் பூதங்களின் படை அவருடையது. சாப்பாட்டு மேசையையும் ஒரு பழைய கதவுப் பலகையையும் சேர்த்துப் போட்டு இரண்டு படைகளையும் நிறுத்தினார்கள். குள்ளர்கள் ஒரே வரிசையாக நின்றார்கள். தையல்காரர் குனிந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"அண்ணி, நான் பார்த்த படையிலயே இதுதான் படை" என்றார்.

கணவருக்குச் சட்டை மாற்றி, தலை சீவி விட்டிருந்தாள். முதலில் அவர் இரண்டு பகடைகளை உருட்டினார். நான்கும் மூன்றும் விழுந்தன. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏழு, அண்ணே" என்றார் தையல்காரர். கணவர் தலையாட்டிவிட்டு, கையை நீட்டி ஒரு பச்சைப் பூதத்தை எடுத்து முன்னால் நகர்த்தினார்.

தையல்காரர் பூதத்தை மெல்லப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, "பீரங்கிய சுடலாமே" என்றார். கணவர் பீரங்கியை எடுத்துத் தன் ஆட்களைப் பார்த்தே திருப்பி வைத்தார். பிறகு இன்னொரு பூதத்தைத் தொட்டார். தையல்காரர் பேச்சை மாற்றுவதுபோல் இருமினார், காகிதக் கடைக்காரரைப் பற்றி ஏதோ சொன்னார். பல்லக்கா அடுப்படி வாசலில் துணியைப் பிடித்தபடி நின்றாள்.

கணவருக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்த கணத்தை அவர் முகத்திலேயே அவள் பார்த்தாள். எது தன் படை, எது எதிரிப் படை என்று தனக்குப் பிடிபடவில்லை என்பது மட்டும் அவருக்குத் தெளிவாகப் பிடிபட்டது.

கத்தவில்லை, மேசையைத் தட்டிவிடவில்லை. இடது கையால் கொடிக்காரனை எடுத்து மேசை ஓரத்தில் செத்தவர்கள் வைக்கும் இடத்தில் படுக்க வைத்தார். அடுத்து செம்பட்டைத் தாடி. அடுத்து நரை. அடுக்கு மாறாமல் ஒவ்வொருவனாக எடுத்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, நான் இன்னும் அடிக்கவே இல்லையே" என்றார் தையல்காரர்.

கணவர் நிறுத்தவில்லை. அறுபது பேரையும் எடுத்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. அப்போது அவர் எடுத்ததெல்லாம் குள்ளர்களை மட்டும்தான், பூதங்கள் ஒன்றும் கைபடாமல் அப்படியே நின்றன என்பதைப் பல்லக்கா பிறகுதான் யோசித்தாள். யோசித்து என்ன, அதை வைத்து அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு அவள் விளக்கைப் போட்டு, புதிதாக வாங்கிய பெட்டியைப் பிரித்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு மறுநாளும் மூடிக்கொண்டார். ஒரு வாரம் விடாமல் உட்கார்ந்தாள். அவள் வெட்டும் சத்தம் கேட்டாலே தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். பயிற்சிக்கு வரும் பெண்ணிடமும் கையை நீட்டுவது நின்றது. "கொஞ்ச நாள் இப்படி இருக்கும்மா" என்றாள் அந்தப் பெண். கொஞ்ச நாள் ஐந்து மாதமானது.

லேபில் ஒரு முன்பல் திரும்பி வந்தது, நிறம் சேரவில்லை என்று. இருபத்தோரு வருடத்தில் முதல் தடவை. முதலாளி திட்டவில்லை. "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று மட்டும் கேட்டார். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கணவர் ஒருவேளை அந்தப் பொம்மைகள் இல்லாமலே நிம்மதியாக உட்கார்ந்திருந்திருப்பார். தனக்கு என்ன போய்விட்டது என்று அவருக்கு வரிசை போட்டுக் காட்டியது தான்தான் என்று அவளுக்குத் தோன்றியது. அதை மறுத்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

படையைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டாள்.

"எனக்கெதுக்கு அண்ணி? அண்ணனுக்கு மனசு மாறலாம்."

"மாறாது தம்பி. இங்க இருந்தா நான்தான் மாற மாட்டேன்."

அவர் வாங்கிக்கொண்டார். யாரையும் அதை வைத்து ஆட விடவில்லை என்று கேள்விப்பட்டாள். போய்ப் பார்க்கவில்லை.

கணவர் மெலிந்துகொண்டே போனார். சட்டைகள் தோளிலிருந்து நழுவின. அவரைக் கீழே இறக்க வழியில்லாததால் புதுச் சட்டைக்கு அளவெடுக்கத் தையல்காரர் ஒரு மதியம் மாடியேறி வந்தார். கணவரின் செயலிழந்த வலது கையை அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக்கொள்ள, தையல்காரர் டேப்பை மார்பைச் சுற்றிப் போட்டார். கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு நாற்பது. இப்போது முப்பத்தைந்து. தையல்காரர் அதை வாய்விட்டுச் சொல்லாமல் எழுதிக்கொண்டார்.

"கொஞ்சம் தொளதொளன்னே தைச்சிருங்க தம்பி" என்றாள்.

"ஆமா அண்ணி. மறுபடி உடம்பு தேறினா பத்தாமப் போயிரும்."

"அதுக்கு இல்ல. இந்தக் கையை உள்ள விடுறதுக்கு எடம் வேணும்."