அக்கா அடையாளம் வைத்த வீடு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி இந்த மலரில் எழுதும்படி அண்ணன் சொன்னபோது தயங்கினேன். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள் நான். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில், முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவே உள்ள ஊரில், அண்ணனுக்கு அடுத்துப் பிறந்தவர் அக்கா. ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார். பிள்ளைகள் இல்லை. அத்தான் காலமான பிறகு கண்ணில் அழுத்த நோய் வந்து, பார்வை கொஞ்சம் கொஞ்சமாக முழுவதும் போய்விட்டது. ஆனால் அத்தான் கட்டிய வீட்டை விட்டு வர மறுத்துவிட்டார்.

அந்த வீட்டுக்குள் போனால் எனக்கு ஆச்சரியம் தீராது. சர்க்கரை டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்ட், மிளகாய்த் தூளுக்கு இரண்டு, உப்புக்கு எதுவும் கிடையாது. ஒவ்வொரு புடவையின் உள் ஓரத்திலும் ஒரு பித்தான் தைத்திருப்பார். அதற்குரிய ரவிக்கையிலும் அதே பித்தான். காலை மாத்திரை அட்டையில் மூலை வெட்டியிருக்கும். கேஸ் அடுப்பில், தீ சிறியதாகும் இடத்துக்கு நேராக எம்-சீல் பசையில் ஒரு பொட்டு. யாரும் சொல்லித் தரவில்லை, எல்லாம் அவரே யோசித்து வைத்தவை.

ஒரு பொங்கலுக்கு அண்ணன், அண்ணி, நான் மூவரும் அங்கே போனோம். பொங்கல் முடிந்ததும் வீட்டைப் பூட்டி, அக்காவை அரியலூரில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துப் போகும் முடிவோடு அண்ணன் வந்திருந்தார். போகிக்கு முதல் நாள் இரவு அக்காவும் நானும் ஜவுளிக் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அண்ணி டப்பாக்களையெல்லாம் தேய்த்துக் கழுவினார். ரப்பர் பேண்டுகள் பழைய பாயோடு சேர்ந்து மறுநாள் போகித் தீயில் போயின. அடுப்பிலிருந்த பொட்டையும் அழுக்கு என்று சுரண்டிவிட்டார். (அண்ணியைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுடி, நல்லா எழுது" என்று சிரித்தார்.)

போகியன்று காலை காபி போடப் போன அக்கா, டப்பாவைத் தடவிப் பார்த்து நின்றுவிட்டார்.

"அண்ணி, வூட்டையே மாத்திட்டீங்களா?"

"ஐயோ, பழைய ரப்பர்தானேன்னு போட்டுட்டேன்மா."

"இதுக்குத்தான் சொல்றேன்," என்றார் அண்ணன். "அடுப்புல ஒண்ணு ஆயிட்டா யாரு பாக்குறது? பூட்டிட்டு வந்துரு."

"மொதல்ல என் கையால பொங்கல் சாப்பிடுங்கண்ணே. அப்பறம் சொல்லுங்க."

அக்கா தரையில் உட்கார்ந்து, டப்பாக்களை ஒவ்வொன்றாகக் காதருகே குலுக்கினார். துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் எனக்கு ஒரே சத்தம்தான். அவர் பிரித்து வைத்துக்கொண்டே போனார். பொடிகளை மோந்து பார்த்தார். அண்ணி புது ரப்பர் பேண்டுகளை எடுத்துக் கொடுக்கக் கொடுக்க மாட்டினார். பிறகு அடுப்பைப் பற்றவைத்து, அண்ணனைக் கூப்பிட்டார்.

"கண்ண மூடிக்கிட்டு அடுப்ப சிம்முல வைங்க பாப்போம்."

அண்ணன் திருகினார். தீ அணைந்தே போயிற்று.

"அணைச்சே புட்டீங்களா! நல்லவேள, இன்னிக்கு நீங்க சமைக்கல."

அண்ணனே போய்ப் பசை வாங்கி வந்தார். அக்கா விரல் வைத்துக் காட்டிய இடத்தில் பொட்டு வைத்தார். அது இறுகியதும் மறுபடி கண்ணை மூடித் திருகினார். பொட்டு விரலில் பட்டதும் நிறுத்தினார். தீ சின்னதாக நின்று எரிந்தது. கண்ணைத் திறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் அக்கா வைத்த பொங்கலைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பூட்டுவதைப் பற்றிப் பேசவில்லை.

அதற்குப் பிறகும் அக்கா அந்த வீட்டில்தான் சமைத்தார், வந்தவர்களுக்குப் பரிமாறினார். நெஞ்சு வலி வந்த அன்றும் அவர் வைத்த ரசம் சூடாக இருந்தது.

மாத்திரை அட்டைகளைச் சலிக்காமல் வெட்டிக் கொடுத்த மருந்துக் கடைக்காரருக்கும், ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த பக்கத்து வீட்டாருக்கும், காரியங்களில் உடன் நின்ற உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னொன்றை நேரில் சொல்லக் கூச்சமாக இருப்பதால் இங்கே எழுதுகிறேன். அக்காவை அவர் வீட்டிலேயே இருக்க விட்டீர்கள் அண்ணே, அதற்கு நன்றி.