தோலையாவது காட்டு என்று கேட்டேன்

மாசி மாதம் கொல்லிமலையில் ஆலங்கட்டி மழை பெய்யும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். அந்த மழைதான் ஒரே மத்தியானத்தில் என் ஆட்டுக் கிடையைக் காலியாக்கியது.

எட்டுக்கை அம்மனை நம்பியிருக்கும் சொந்தங்களே, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அடிவாரத்தில் நாங்கள் ஐந்து குடும்பம் கம்பளி ஆடு வளர்க்கிறோம். சாமை அறுப்பு முடிந்ததும் மலைக்கு ஓட்டிப்போய், குண்டனி நாடு என்கிற மலைப்பகுதியில் அறுத்த காடுகளில் எருவுக்காக ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை போடுவோம். கூலி, தானியம். நான் சொல்வது ஜெர்மன் சண்டை நடந்த வருஷம். பட்டாளத்துக்குக் கம்பளி வேண்டும் என்று வியாபாரி அவசரப்படுத்தினார். பனி விலகும் முன்பே மயிர் கத்தரித்துவிட்டோம்.

மயிர் கத்தரித்த ஆடு பச்சைக் குழந்தை மாதிரி. நனைந்தால் விறைத்துவிடும். அதற்காகவே எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. வருஷா வருஷம் கத்தரிப்பு முடிந்ததும் குடும்பத்துக்கு ஒரு பெட்டைக் குட்டியை அம்மன் பேரில் பொது மந்தைக்கு விடுவோம். மழையிலோ குளிரிலோ யாருடைய ஆடு செத்தாலும் அந்த மந்தையிலிருந்து ஈடு கிடைக்கும். ஆனால் செத்த ஆட்டின் தோலைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

என் வீட்டுக்காரர் மலைக்காய்ச்சலில் அடிவாரத்தில் படுத்திருந்தார். நானும் கொழுந்தனும்தான் மேலே இருந்தோம். ஆலங்கட்டி விழுந்ததும் ஆடுகள் மிரண்டு பள்ளத்துக்குள் பாய்ந்தன. மூடுபனி இறங்கிவிட்டது. தொண்டை கட்டும்வரை கூப்பிட்டோம். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மந்தை போனால் எங்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

பொது மந்தைக்குப் பொறுப்பு காளியண்ணன். அவரும் பக்கத்துக் காட்டில்தான் கிடை போட்டிருந்தார். அவரிடம் போய் அழுதேன். அவர் கண்ணும் கலங்கியது.

"தோலில்லாம எப்படி அம்மிணி குடுக்கறது? நாளைக்கு ஆளாளுக்கு ஆடு ஓடிப்போச்சுன்னு வந்து நிப்பாங்களே" என்றார்.

நியாயம்தான். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

என் கோபமெல்லாம் அம்மன் மேல் திரும்பியது. விடிந்ததும் கோயிலுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். எட்டுக் கை வைத்திருக்கிறாயே, ஒரு கையை நீட்டி என் ஆடுகளை மறித்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். அப்புறம் அழுகைதான் வந்தது.

"உசுரோட கேக்கல தாயே. தோலையாவது கண்ணுல காட்டு" என்று விழுந்து கும்பிட்டேன்.

திரும்பி வந்தால் கிடையில் முன்பின் தெரியாத ஒரு மலைக்காரப் பெண் நின்றிருந்தாள். பெயர் வெள்ளையம்மா. பள்ளத்துக்குக் கீழே நாலைந்து வீடு உள்ள ஊர்.

"ஏனுங்கக்கா, மொட்டை ஆடெல்லாம் உங்களுதுங்களா? எங்கூட்டுல இருக்குதுங்க" என்றாள்.

அவள் பின்னால் ஓடினேன். வீட்டுக்குள் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி என் ஆடுகள். மேலே சாக்கும் பழைய சேலையும் போர்த்தியிருந்தாள். மற்ற வீடுகளிலும் அப்படியே. பிள்ளைகள் பரண்மேல் தூங்கினார்கள். அவளும் புருஷனும் இரவெல்லாம் கூரையோரம் ஒண்டியிருக்கிறார்கள். என் குரல் கேட்டு ஆடுகள் கத்தின. நான் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

சில ஆடுகள் பிழைக்கவில்லை. அவற்றின் தோலை உரித்துக் கொடியில் போட்டிருந்தாள். வருஷா வருஷம் நாங்கள் கிடை போடுவதைப் பார்த்திருந்ததால், அடிவாரத்துக்காரர்கள் தோல் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எதற்கம்மா இத்தனை பாடு என்று கேட்டேன்.

"குளிருதுன்னு வாசல்ல வந்து நின்னுதுங்க. போன்னு சொல்ல முடியுங்களா?" என்றாள்.

காளியண்ணன் தோலுக்கு ஓர் ஆடு என்று ஈடு கொடுத்தார். வீட்டுக்காரரும் எழுந்து நடமாடினார். இப்போது அந்த ஊரையும் எங்கள் ஏற்பாட்டில் சேர்த்துக்கொண்டோம். பொது மந்தையில் பிறக்கும் முதல் பெட்டைக் குட்டி அவர்களுக்கு. வியாபாரி தலைகீழாக நின்றாலும் பனி விலகாமல் கத்தரி எடுப்பதில்லை.

நான் கோயிலில் தோலைக் கேட்டு அழுதபோது, என் ஆடுகள் வெள்ளையம்மா வீட்டு அடுப்போரம் அசைபோட்டுக்கொண்டிருந்தன. அதை நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. கஷ்டத்தில் இருக்கிறவர்களே, தாயிடம் போங்கள். சண்டை போட்டாலும் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். கேட்கும்போது மட்டும் என்னைப் போலக் குறைத்துக் கேட்காதீர்கள்.