மூன்றாவது முடிச்சு

ஒரு கிணற்றின் நீர்மட்டத்தை நான் பொய்யாக எழுதினேன். ஒருமுறை அல்ல, ஓராண்டுக்கும் மேலாக.

கள்ளக்குறிச்சியில் நிலத்தடி நீர் அளப்பது என் வேலை. குறித்துவைத்த கிணறுகளில் மாதம் ஒருமுறை, டேப்பின் நுனியில் சாக்பீஸ் தேய்த்து இறக்கி, ஈரம் ஏறிய இடத்தைப் பார்த்து எழுத வேண்டும். எங்கே நீர் இறங்கத் தொடங்குகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், அங்கே புதிய போர்வெல்லுக்குக் கடன் தராமல் நிறுத்தலாம். அதற்காகத்தான் அந்த அளவுகள் மேலே போயின.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம். புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்திருந்தார்கள். உளுந்தூர்பேட்டைக்கும் பஸ் இல்லை, கல்வராயன் மலைப் பக்கமும் இல்லை. டீக்கடையில் யாராவது ஊரைக் கேட்டால்கூட, சாதியைத்தான் கேட்கிறான் என்று தோன்றும். வீட்டிலேயே உட்கார்ந்து, பழைய அளவையே கொஞ்சம் மாற்றி எழுதி அனுப்பினேன். அப்படியே சில மாதங்கள்.

பஸ் ஓடத் தொடங்கியதும் மலையடிவாரக் காலனிக் கிணற்றுக்குப் போனேன். குடிதண்ணீருக்கு அவர்களுக்கு இருந்தது அது ஒன்றுதான். இறைத்துக்கொண்டிருந்த கூலிக்காரப் பெண் கயிற்றைத் தூக்கிக் காட்டினார்.

“பாருங்க சார், மூணாவது முடிச்சு. எட்டலன்னு ஒட்டுப் போட்டுக்கினே இருக்கேன். நீங்க இன்னா எழுதிக்கினு போறீங்க?”

“கயிறு இத்துப்போனா முடிச்சு போட வேண்டியதுதான்.”

“இத்துப்போனா கயிறு கம்மியாவும் சார். இது ஜாஸ்தியாயிக்கினு இல்ல போவுது!”

பக்கத்துக் கரும்புத் தோட்டக்காரருக்குக் கடன் கிடைக்கக் கூடாதென்று யாரோ இவரைத் தூண்டிவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். டேப்பை இறக்கினேன். அவர் சொன்னது சரி. உடனே டேப்பின் மேல் சந்தேகம் வந்தது. உள்ளதை எழுதினால் முந்தைய மாதங்களின் பொய் வெளியே வந்துவிடும். அதனால் அவரைச் சந்தேகிப்பது எனக்கு வசதியாக இருந்தது. மாதாமாதம் கொஞ்சமாக இறக்கி எழுதி, உண்மை அளவுக்கு வந்து சேர ஓராண்டு ஆயிற்று. அதற்குள் சுற்றிலும் போர்வெல்கள் வந்துவிட்டன. அடுத்த கோடையில் கிணறு வற்றியது. காலனிப் பெண்கள் கரும்புக்காரர்களின் மோட்டார் கொட்டகைகளில் குடத்தோடு நின்றார்கள்.

ஓய்வு பெறுவதற்கு முன் எல்லாவற்றையும் எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். “யார் மேல கோபம் உங்களுக்கு?” என்று கேட்டார். இருந்தாலும் பதிவேடு திருத்தப்பட்டது, நீர் எவ்வளவு வேகமாக இறங்கியது என்று தெரிந்ததும் அந்தப் பக்கம் புதிய கடன் நின்றது. கிணற்றில் தண்ணீர் வரவில்லை.

பிறகு காலனிக்கே போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

“கெணறே தூந்துபோச்சு. இப்ப எதுக்குச் சொல்றீங்க? எந்தத் தோட்டக்காரரு அனுப்சாரு?”

“யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்.”

ஜீப் ஏதாவது நிற்கிறதா என்று எனக்குப் பின்னால் சாலையை எட்டிப் பார்த்தார். எதுவும் இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி மோட்டார் கொட்டகைக்குப் போனார்.