முகம் பார்த்துக் கேட்கச் சொன்னவர்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்து முடித்ததும் கேள்வித்தாளோடு ஊர் ஊராகப் போகும் கள ஆய்வாளர் வேலை கிடைத்தது. பிறகு, அதற்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதம் வேலை கிடையாது என்றார்கள். டீக்கடையில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறவர்களை இது விரட்டிவிடும் என்று சந்தோஷப்பட்டேன். அவ்வளவு அப்பாவி.

என்னை மதிப்பிடச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். சங்கரன்கோவில் விசைத்தறித் தொழிலாளர்களின் காது எப்படி இருக்கிறது என்பதுதான் ஆய்வு. அவரோ சத்தம் தாங்காமல் தறிக்கூடத்து வாசலிலேயே நாற்காலி கேட்டு வாங்கி, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். மடியில் ஒரு பட்டியல்: சம்மதம் வாங்கினானா, முகம் பார்த்துப் பேசினானா, அச்சடித்த கேள்வியை அப்படியே கேட்டானா.

பல வருஷமாகத் தறியில் நிற்கும் ஒரு அக்காவிடம் சம்மதம் வாங்கி, முகம் பார்த்து, காது கேட்பதில் சிரமம் உண்டா என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி."

வாசலில் அவர் பட்டியலில் டிக் விழுந்தது.

தறிக்காரி மகனான எனக்குத் தெரியாதா? அந்த இரைச்சலில் யாரும் காதால் கேட்பதில்லை. உதட்டைப் பார்த்தே பேசிப் பழகிவிடுவார்கள். கரண்ட் போகும்வரை காத்திருந்தேன். தறிகள் நின்றதும் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று அதே கேள்வியைக் கேட்டேன். திரும்பவில்லை. சத்தம் போட்டுக் கேட்டேன். ம்ஹூம்.

பக்கத்துத் தறிக்காரர் சிரித்தார். "தேரே வந்து முட்டினாலும் அவ திரும்பமாட்டா வே. முன்னால போய் நின்னு கேளும்."

முன்னால் போய் விஷயத்தைச் சொன்னேன். "எத்தன நாளா இப்படின்னு எனக்கே தெரியலயே தம்பி," என்றார் அக்கா. பிறகு, "எழுதிக்கோ."

மதிப்பீட்டாளர் என்னை வாசலுக்கு அழைத்தார். "முதுகுக்குப் பின்னாடி நின்னு கேக்குறது முறையே இல்ல. முகம் பார்த்துக் கேக்கணும்னு தெளிவா போட்டிருக்கு. முதல்ல சொன்ன பதிலையே எழுதுங்க, பாஸ் போட்டுடறேன்."

"சார், அவங்களுக்குக் காது கேக்கல."

"அது டாக்டர் பாக்க வேண்டியது தம்பி."

இந்த ஆள் கழுத்தில் தொங்கிய அட்டையில் 'முதுநிலை மதிப்பீட்டாளர்' என்று இருந்தது. ஆய்வு எதைப் பற்றியது என்பதாவது ஞாபகம் இருந்ததா என்று சந்தேகம்.

படிவத்தில் 'காது கேட்கவில்லை' என்று எழுதி, எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் 'தகுதி பெறவில்லை' என்று போட்டார். மாதக் கடைசியில் வேலை போயிற்று. வருத்தம்தான். ஆனால் அந்த ஆள் கையால் தகுதியானவன் என்று எழுதி வாங்கியிருந்தால் இதைவிடக் கேவலமாக இருந்திருக்கும்.