மூங்கிலடியில் இரண்டு ஜோடிகள்

இன்று பேராதனையில், தன் கல்யாணத்துக்குப் படம் எடுக்க ஆள் தேடும் ஒரு பெண்ணைச் சந்தித்தேன்.

போனில் இரண்டு படங்களைக் காட்டினாள். இரண்டிலும் பேராதனைப் பூங்காவின் அதே மூங்கில், நெற்றியோடு நெற்றி வைத்த ஜோடி, பின்னால் மங்கலான வெளிச்சம்.

"அண்ணா, இதுல ஒண்ணுதான் நீங்க எடுத்தது. எதுன்னு சொல்லுங்க பாப்போம்."

யோசிக்காமல் ஒன்றைத் தொட்டேன்.

"ஐயோ, அது வேற ஆளு எடுத்தது!" விழுந்து விழுந்து சிரித்தாள். "பரவாயில்ல, உங்களையே புக் பண்றோம். இதே மாதிரி எடுத்துக் குடுங்க."

லென்ஸ், லைட், கலர் எல்லாம் முறையாகப் படித்தவன் நான். பெயர் போடாத ஒரு படத்தைப் பார்த்து, "இது அவன் எடுத்தது" என்று ஒருநாள் யாராவது சொல்ல மாட்டார்களா என்றிருக்கிறது.

இந்தப் பக்கத்தில் நான் போட்ட படங்களில் அப்படி ஒன்று இருந்தால் காட்டுங்கள். "செம ப்ரோ" என்று கமெண்ட் போடுகிறவர்கள் தயவுசெய்து ஒதுங்கிக்கொள்ளுங்கள்.